தின்கன்ஜூனில் ஒரு தலைக்குளியல்

ஞாயிறு, காலை 10.20. விமானத்தின் சக்கரம் ஓடுபாதையைத் தொட்டபோது நான் அரைத்தூக்கத்தில் இருந்தேன். கண்ணைத் திறந்தால் சன்னல் முழுக்க மழை. வெளியே பச்சை, அதற்கு மேல் சாம்பல் நிறம், நடுவில் குடை பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்துபோகும் ஒருவர். ஜூலையில் யாங்கோனுக்குப் போகாதே என்று எனக்குப் புத்தி சொன்னவர்கள் யாரும் ஜூலையில் யாங்கோனைப் பார்த்ததில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

நான் வந்த காரணத்தைச் சொன்னால் கேட்பவர்கள் ஒருமாதிரிப் பார்க்கிறார்கள். ருமேனியாவில், மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் பதினோரு வருடமாக இருக்கிறேன். ஐரோப்பாவின் வசதியான நாடுகள் சில, வசதி குறைந்த நாடுகளுக்கு ஒரு நல்கை தருகின்றன. கண்டத்துக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வு குறையட்டும் என்பது அதன் நோக்கம். அந்தப் பணத்தில் எங்கள் ஊரில் ஒரு முதியோர் இல்லம் எழும்பியது. முப்பது படுக்கை, வெந்நீர்க் குழாய், சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம், எல்லாம் அம்சமாக இருக்கிறது. பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை. ஊரின் இளம்பெண்கள், நல்கை எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ அந்தப் பக்கமே சம்பளத்துக்குப் போய்விட்டார்கள்.

ஆகவே யாங்கோனில் பயிற்சி முடித்த மூன்று பெண்களைச் சோதித்து, ஒருவரைத் தேர்ந்தெடுத்து வரச் சொல்லி, இல்லத்தின் அலுவலகத்தில் படிவங்களோடு மல்லுக்கட்டும் என்னை அனுப்பினார்கள். "நீங்களும் ஆசியாதானே" என்றார் மேலாளர். தென்காசிக்காரிக்கு யாங்கோன் எந்தத் திசை என்றே தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். பயணச்சீட்டு இலவசம் என்பதால் மூடிக்கொண்டேன்.

விமான நிலையத்திலிருந்து, நான் தங்கவேண்டிய தாமுவே பகுதிக்குப் பதினான்கு கிலோமீட்டர். டாக்ஸிக்கு 30,000 கியாட். ஓட்டுநர் கோ ராஜுவுக்கு ஐம்பது வயதிருக்கும். லுங்கி, வாயில் வெற்றிலை. என் நெற்றிப் பொட்டைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார்.

"அக்கா இந்தியாவுலேர்ந்தா வாறீங்க?"

"இப்போ ருமேனியாவிலிருந்து."

அவர் ஒரு சிக்னல் முழுக்க யோசித்தார். "அதுவும் நல்ல ஊருதான்" என்றார், எனக்கு ஆறுதல் சொல்வதுபோல.

வண்டி ஐம்பத்தைந்து நிமிடம் ஊர்ந்தது. எனக்கு அவசரம் எதுவும் தோன்றவில்லை. சாலையோர மரங்கள் தண்ணீரில் நிழலாட, நாங்கள் மரங்களின் மேலேயே போவதுபோல இருந்தது.

தாமுவே சந்தைக்குப் பின்னால் பாத்திமா டீச்சரின் துணிக்கடை. கடைக்கு மாடியில்தான் அந்த மூன்று பெண்களும் படித்த அவருடைய பயிற்சி வகுப்பு. முதியவர்களைக் குளிப்பாட்டவும், ஊட்டவும், படுக்கையில் புரட்டிப் படுக்கவைக்கவும் ஆறு மாதம் சொல்லித்தருகிறார். கொள்ளுத்தாத்தா காயல்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்தவராம். டீச்சரின் தமிழில் இரண்டு சொல்லுக்கு ஒன்று பர்மியச் சொல். ஆனாலும் எனக்கு ஒன்றும் தப்பவில்லை. இரண்டு கதவு தள்ளி எனக்கு அறை பிடித்திருந்தார். நாளுக்கு 70,000 கியாட், சன்னலில் ஒரு கொய்யா மரம் உட்பட.

திங்கள். காலையிலும் மதியத்திலும் முதல் இருவரைச் சோதித்தேன். சோதனை எளிது: அறுபத்தைந்து வயதைத் தாண்டிய ஒருவருக்குத் தலைகுளிப்பாட்டிவிட வேண்டும். அவர் உறவினராக இருக்கக் கூடாது. தொடங்க ஒரு நிமிடம், முடிக்க இருபத்தைந்து. நாற்பது மதிப்பெண். ஒருத்திக்கு முப்பத்தொன்று, மற்றவளுக்கு முப்பத்துமூன்று. இருவருமே கெட்டிக்காரிகள்.

மாலை 5.30. மழை விட்டிருந்தது. கண்டோஜி ஏரி வரை நடந்தேன். தண்ணீரும் வானமும் ஒரே நிறத்தில் இருந்ததால் கரை எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. தூரத்தில் பகோடாவின் பொன் ஏரிக்குள் தலைகீழாக நின்று, யாரோ துடுப்புப் போட்டதும் கலைந்து, மறுபடி கூடியது. 2,000 கியாட்டுக்குத் தேநீர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தவள், அது ஆறிப்போனதைக்கூடக் கவனிக்கவில்லை. வேலைக்கு வந்தேன் என்பதே மறந்திருந்தது. இப்படி ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று!

செவ்வாய், காலை 8.15. மூன்றாவது பெண் வள்ளி வந்திருந்தாள். முப்பத்துநான்கு வயது, கன்னத்தில் வட்டமாகத் தனகா மரப்பட்டைப் பூச்சு, அரிசிக் கடையில் விற்பனை வேலை. ஆனால் மாடியில் தண்ணீர் இல்லை. இரவு மின்சாரம் வராததால் மோட்டார் ஓடவில்லை.

"தொட்டி காஞ்சு கெடக்குங்க" என்றார் டீச்சர். "வள்ளி வூட்டுல அடிபம்பு இருக்கு. அங்கயே வச்சிக்குவோம்."

வள்ளியின் முகம் மாறியது. "அங்க வேணாம் சயாமா. எடம் பத்தாது."

"தலகுளிக்க என்ன மைதானமா வேணும்? அக்கம்பக்கத்துல வயசானவங்க யாரும் இருப்பாங்கல்ல?"

சயாமா என்றால் டீச்சர். டீச்சர் சொன்ன பிறகு அங்கே மறுபேச்சில்லை. வள்ளியின் வீடு இருக்கும் தின்கன்ஜூனுக்கு ஐந்து கிலோமீட்டர், 12,000 கியாட். வழி முழுக்க வள்ளி தன் கைப்பேசியில் யாரையோ அழைத்துக்கொண்டே இருந்தாள். மறுமுனையில் யாரும் எடுக்கவில்லை.

மரவீடு. வெள்ளத்துக்குப் பயந்து தூண்கள்மேல் நின்றது. நான்கு படி ஏறினால் ஒரே அறை, அதன் சன்னலோரம் ஒரு கட்டில், கட்டிலில் ஒரு பெரியம்மா. வள்ளி வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் வாய்திறக்கும் முன் பெரியம்மா முந்திக்கொண்டார்.

"வாங்க, வாங்க. நா பக்கத்து வூடு. பேரு டோ லா. மழைக்கு ஒதுங்கி இங்கன ஒக்காந்திருக்கேன். எந்தலையிலயே தண்ணி ஊத்துங்க, அதுக்கென்ன."

வேலை சுலபமாக முடிந்ததே என்று எனக்குச் சந்தோஷம். டீச்சர் சன்னல் வழியே தெருவைப் பார்த்தார். பெரியம்மாவுக்கு இடுப்பு முடியாது. வள்ளி அவரைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிவந்து, பின்கட்டில் அடிபம்புக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்காரவைத்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம் ஓடத் தொடங்கியது.

வள்ளி தண்ணீரைத் தொடவில்லை. ஈரப் பலகையில் மண்டியிட்டு, கைகூப்பி, நெற்றி தரையில் படக் குனிந்தாள்.

"கடோ பண்றா" என்றார் டீச்சர் என் காதில். "பெரியவங்க தலையத் தொடப்போறோம்ல, அதுக்கு மொதல்ல மன்னிப்புக் கேக்கணும். பெரியவங்க வாழ்த்தணும். அப்பறந்தான் தொடலாம்."

நேற்றைய பெண்கள் நின்றபடியே கைகூப்பி முடித்துக்கொண்டார்கள். அந்தப் பெரியவர்களும் ஒரு வரியில் வாழ்த்திவிட்டார்கள். இந்தப் பெரியம்மா நிறுத்துவதாக இல்லை.

"ஒடம்புக்கு ஒண்ணும் வராம இருக்கணும். போற எடத்துல குளுரு அண்டக் கூடாது. நேரத்துக்குச் சோறு கெடைக்கணும். நல்ல மனுசங்க கண்ணுல படணும். ராவுல அழுவக் கூடாது. என்னைய நெனச்சு…" அங்கே நிறுத்தினார். என்னைப் பார்த்தார். "பக்கத்து வூட்டுக் கெழவிய நெனச்சுக் கவலப்படக் கூடாது."

பக்கத்து வீட்டுக் கிழவியை நினைத்து யாரும் ராத்திரியில் அழுவதில்லை. என் மரமண்டைக்கும் அது உறைத்தது. வள்ளி தலையை நிமிர்த்தவேயில்லை. நிமிடம் எப்போதோ கடந்துவிட்டது. நான் கடிகாரத்தைப் பைக்குள் போட்டேன்.

பிறகு அந்த இருபது நிமிடம் கனவில் கண்டதுபோலத்தான் எனக்கு நினைவிருக்கிறது. சீயக்காயும் ஏதோ மரப்பட்டையும் ஊறிய பழுப்புநீர். தகரக் கூரையில் மழை. வள்ளியின் விரல்கள் நரைமுடிக்குள் போய் வந்தன. அவள் சொல்வதற்கு முன்பே பெரியம்மாவின் கழுத்து சாய்ந்தது. அவர் கேட்பதற்கு முன்பே காதில் தண்ணீர் போகாமல் அவள் உள்ளங்கை மறைத்தது. மதிப்பெண் தாளை மடியில் வைத்துக்கொண்டு, எனக்கும் யாராவது இப்படித் தலைகுளிப்பாட்டிவிட்டால் என்ன என்று ஏங்கினேன். முப்பத்தாறு போட்டேன்.

ஆனால் படிவத்தில் கடைசியாக ஒரு கட்டம் உண்டு. விண்ணப்பிப்பவரை நம்பி வீட்டில் முதியவர் யாரும் இருக்கிறாரா? இருந்தால், அவரைக் கவனிக்க யார் இருக்கிறார்? ஒருவரும் இல்லையென்றால் விண்ணப்பம் அதோடு நின்றுவிடும். ஏற்றத்தாழ்வைக் குறைக்க வந்த நல்கை இன்னொரு வீட்டில் புதிதாகக் குழி தோண்டக் கூடாது என்று நல்லவர்கள் யோசித்து எழுதிய விதி. அதில் எனக்குக் குறை சொல்ல எதுவுமில்லை.

வள்ளியும் டீச்சரும் தேநீர் வாங்கத் தெருமுனைக்குப் போனார்கள். பெரியம்மா கட்டிலில் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தக் காயிதத்துல இன்னும் என்ன கேக்குறாங்க?"

வாசித்துக் காட்டினேன். அவர் துண்டை மடியில் வைத்தார்.

"அங்கன இருக்கிற கெழவிக்கு மக இல்லியா?"

நான் இல்லத்தில் எல்லோரையும் அறிவேன். முதல் படுக்கைக்காரரை நினைத்துக்கொண்டு, "இருக்காங்க. ஜெர்மனியில" என்றேன்.

"என்ன வேல?"

"வயசான ஒரு அம்மாவைப் பாத்துக்கறாங்க."

அவர் விரலை மடக்கினார். "செருமனி அம்மாவுக்கு அந்தக் கெழவியோட மக. அந்தக் கெழவிக்கு எம் மவ." பொக்கை வாயோடு சிரித்தார். "வரிச நல்லாத்தான் இருக்கு. எங்கிட்ட வந்து நின்னுபோச்சு."

எம் மவ என்று சொல்லிவிட்டதை அவர் திருத்தவில்லை. நானும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"ஒனக்கு அம்மா இருக்காங்களா தாயி?"

"தென்காசியில இருக்காங்க. பேச்சின்னு ஒரு பொண்ணு கூடவே தங்கிப் பாத்துக்கறா. நாலு வருசமா."

"அவளுக்கு அம்மா?"

தெரியாது. நாலு வருடமாக மாதம் தவறாமல் சம்பளம் அனுப்புகிறேன், தீபாவளிக்குச் சேலை அனுப்புகிறேன். இதை ஒருநாளும் கேட்டதில்லை. தெரியாது என்றேன்.

அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னைய எழுதாத. எழுதினா அவ இங்கயே கெடப்பா. அரிசிக் கடையில என்னா இருக்கு? நா போயிட்டா அவளுக்கு யாரு? எனக்கு எதுத்த வூட்டுல ரெண்டு வேள சோறு தரேன்னுருக்காங்க. தலைக்கு ஊத்தத்தான் ஆளு இல்ல. ஊத்தலைன்னா செத்தா போவேன்?"

வள்ளி தேநீரோடு படியேறும் சத்தம் கேட்டது. அவர் சட்டென்று கையை எடுத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரியாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

புதன், காலை 7.10. மறுபடி விமான நிலையம், மறுபடி மழை. நாற்காலியில் உட்கார்ந்து படிவத்தைத் திறந்தேன். இல்லத்தில் இடம் கேட்டு வந்த எத்தனையோ கிராமங்களின் விண்ணப்பங்களில் எத்தனையோ பேரின் பொய்களைக் கண்டுபிடித்துச் சிவப்பு மையில் வட்டமிட்டவள் நான். உண்மையை எழுதினால் அந்த மகள் அந்த அறையிலேயே இருப்பாள். பொய்யை எழுதினால் அந்தத் தாய் அந்த அறையில் தனியாக இருப்பார். எதை எழுதினாலும் பாவம் எனக்குத்தான். கடைசியில், கேட்டவர் எதைக் கேட்டாரோ அதைச் செய்தேன். கட்டத்தில் 'யாரும் இல்லை' என்று எழுதி, வள்ளியின் பெயரை முதலாவதாக வைத்து அனுப்பினேன். 

எட்டு மணி. தென்காசியில் ஏழாகியிருக்கும். வீட்டுக்குப் பேசினேன். பேச்சிதான் எடுத்தாள்.

"அம்மா காப்பி குடிச்சாச்சுக்கா. நேத்து முட்டு வலின்னாங்க, தைலம் தேச்சுவிட்டேன். அவங்ககிட்ட குடுக்கவா?"

"இரு பேச்சி. உன் வீட்டுல அம்மா இருக்காங்களா? அவங்கள யார் பாத்துக்கறாங்க?"

 என் அம்மா இருமுவது மட்டும் தூரத்தில் கேட்டது.

"ஏங்க்கா? நான் ஏதும் தப்பு பண்ணிட்டனா?"

"சேச்சே. சும்மாதான் கேட்டேன்."

"எனக்கு யாருமில்லக்கா" என்றாள் அவசரமாக. "நான் ஊருக்கெல்லாம் போவணும்னு கேக்க மாட்டேன். நீங்க அம்மாவப் பத்திக் கவலையே படாதீங்க."

வேலையிலிருந்து நிறுத்தத்தான் கேட்கிறேன் என்று பயந்துவிட்டாள். நாலு வருடம் கேட்காமலிருந்து இன்றைக்குத் திடீரென்று கேட்டால் வேறு எப்படி எடுத்துக்கொள்வாள்? என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. விமானத்துக்கு அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். என்னைச் சுற்றி எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். நான் எழவில்லை.

"பேச்சி, உன் வேலை எங்கயும் போகாது. உங்கம்மா பேரு என்ன?"

வரிசை பாதி நகர்ந்தது. பிறகு மெல்ல, "மாடத்தி" என்றாள்.