ஃப்ரிட்ஜுக்கு முன்னால் ஒரு ஜோடி செருப்பு

என் அக்காவை நினைத்தால் முதலில் கண்ணில் வந்து நிற்பது சேலையூர் வீட்டுச் சமையலறையில் ஃப்ரிட்ஜுக்கு முன்னால் கிடந்த ஒரு ஜோடி ரப்பர் செருப்புதான். நீல வார், தேய்ந்துபோன குதிகால். அதைப் போட்டுக்கொண்டு அவள் கடைக்குப் போனதில்லை, மாடிக்குத் துணி காயப்போடக்கூடப் போனதில்லை. அது ஃப்ரிட்ஜைத் திறப்பதற்கென்றே வைத்த செருப்பு. பால் வேண்டுமா, செருப்பில் காலை நுழை, கதவைத் திற, பாலை எடு, கதவைச் சாத்து, செருப்பைக் கழற்று. வீட்டுக்கு வந்த யாராவது தண்ணீர் பாட்டிலுக்குக் கையை நீட்டினால் போதும், அக்கா ஹாலிலிருந்தே குரல் கொடுப்பாள்: "செருப்ப மாட்டிக்கிட்டுத் தொறப்பா, லேசா ஜிவ்வுங்கும்!" இப்போதுதான் பெயின்ட் அடித்த சுவரில் சாயாதே என்று சொல்வது மாதிரி, அவ்வளவு சாதாரணமாகச் சொல்வாள்.

அக்கா போன வருடம் காலமானாள். சர்க்கரை, அப்புறம் கிட்னி. கரண்டு அடித்து இல்லை, நல்லவேளை. அவளுக்காக வைத்த ஜெபக் கூட்டத்தில் பழைய மாணவிகள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். ஒருத்தி மைக்கைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர் எர்த் பத்தி நடத்தின பாடம் இன்னிக்கும் கண்ணுக்குள்ள நிக்குது" என்று சொல்லி அழுதாள். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செத்தவளைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் அக்கா முப்பது வருடத்துக்கு மேல் அறிவியல் டீச்சர். மின்சாரத்துக்கு எர்த் எதற்கு என்ற அந்தப் பாடத்தை வருடம் தவறாமல் நடத்தியவள். நானோ ஒரு தொழிற்சாலையில் கரண்டு வேலையிலேயே தலை நரைத்தவன். இப்படிப்பட்ட ரெண்டு பேர் இருந்த குடும்பத்தில்தான் ஃப்ரிட்ஜுக்குச் செருப்பு போட்டோம். இதை எந்த மைக்கில் போய்ச் சொல்வது?

இத்தனைக்கும் விஷயம் ஒன்றும் பிரமாதமில்லை. ஃப்ரிட்ஜோ, கீசரோ, அயர்ன் பாக்ஸோ, உள்ளே கரண்டு ஓடும் கம்பி வெளித் தகரத்தைத் தொடாதபடி ஒரு உறைக்குள் இருக்கும். நாள்பட அந்த உறை வெடிக்கும், அரிக்கும், எலி கடிக்கும். அப்போது கரண்டு தகரத்துக்கு ஏறிவிடும். ஏறிய கரண்டு மண்ணுக்குள் இறங்க வழி தேடும். நாமே ஒரு நல்ல வழி போட்டு வைத்திருந்தால், அதுதான் பிளக்கில் இருக்கும் அந்தத் தடித்த மூன்றாவது பின், அதிலிருந்து போகும் பச்சைக் கம்பி, அது போய்ச் சேரும் வாசல் எர்த் குழி, அந்த வழியாகக் கடகடவென்று பாய்ந்து ஃபியூஸைப் போக்கிவிடும். வீடு இருட்டாகும், எரிச்சல் வரும், ஆள் பிழைத்துக்கொள்வான். வழி இல்லையென்றால் அது தகரத்திலேயே இருக்கும், யாராவது வந்து கை வைக்கும்வரை. கை வைத்தவர் உடம்பு வழியாக இறங்கும். காலில் ரப்பர் இருந்தால் இறங்க முடியாது என்பதும் அக்காவுக்கு நன்றாகத் தெரியும். படித்த படிப்பையெல்லாம் அவள் செருப்பு வாங்குவதற்குத்தான் பயன்படுத்தினாள்.

அவர்கள் வீட்டில் அந்தக் குழி இல்லாமலா இருந்தது? இருந்தது. வீடு கட்டியபோது நானே கூட நின்று தோண்ட வைத்தேன். கரியும் உப்பும் கொட்டி, குழாய் இறக்கி, கோடையில் வாரம் ஒருமுறை ரெண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அத்தான் ரிட்டயர் ஆனதும் கார் வாங்கினார். கார் வந்ததும் முன்வாசல் மண்ணாக இருப்பது அவருக்கு அசிங்கமாகப் பட்டது. ஒரு கோடைக்குள் காம்பவுண்டு சுவர்வரை சிவப்பும் சாம்பலுமாக டைல்ஸ் போட்டுவிட்டார். மூலையில் ஒரு சாண் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்த குழாய் கார் டயருக்கு இடித்தது. கொத்தனார் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். அத்தான், "அது ஏதோ பழைய பைப்பு, அறுத்துடுப்பா" என்றாராம். பிற்பாடு நான் குழி எங்கே என்று கேட்டபோது இதை அவரே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னார்.

அதன்பிறகு அந்த வீட்டில் எல்லா மூன்றாவது பின்னும் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன, மண்ணோடு மட்டும் சேரவில்லை. இது எர்த்தே இல்லாத வீட்டைவிட மோசம். ஒரு கொடியில் காயும் துணியில் ஒன்றில் சாயம் ஒழுகினால் பக்கத்துத் துணியெல்லாம் வீணாவது மாதிரி, எங்கோ ஒரு சாமானில் கசிகிற கரண்டு பச்சைக் கம்பி வழியாக வீட்டிலுள்ள எல்லாத் தகரத்திலும் போய் உட்காரும். ஃப்ரிட்ஜ் மெக்கானிக் மூன்று பேர் வந்து பார்த்தார்கள். மூன்று பேரும் மத்தியானத்தில் வந்தார்கள், ஃப்ரிட்ஜில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். உண்மைதான், ஃப்ரிட்ஜ் பாவம் என்ன செய்யும்? காலையில் மட்டும்தான் அடித்தது. காலையில்தான் அத்தான் கீசர் போடுவார். எங்கள் பக்கத்து போர் தண்ணீரின் உப்பு அந்த கீசருக்குள் இருந்த சூடாகும் கம்பியை அரித்துக்கொண்டிருந்தது. இது எல்லாம் பிற்பாடு தெரிந்தது.

நான் இதைக் கண்டுபிடித்த விதத்தைச் சொன்னால் நீங்களும் தலையில் அடித்துக்கொள்வீர்கள். சிட்லபாக்கத்தில் இருக்கும் என் வீட்டிலிருந்து ஒரு சனிக்கிழமை காலை போயிருந்தேன். ஹாலில் டியூஷன் நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் ஒரே குரலில் வாசிக்கிறார்கள்: உலோக உறையில் மின்கசிவு ஏற்படும்போது அது புவி இணைப்புக் கம்பி வழியே தரைக்குக் கடத்தப்படுகிறது. அக்கா, "இன்னொரு தடவ, சத்தமா!" என்று சொல்லிக்கொண்டே சமையலறைக்கு வந்தாள், செருப்பை மாட்டினாள், ஃப்ரிட்ஜைத் திறந்து எனக்கு மோர் எடுத்தாள், செருப்பைக் கழற்றினாள், போய்விட்டாள். உள்ளே பிள்ளைகள் இன்னொரு தடவை, சத்தமாக.

"அக்கா, இது என்ன கூத்து?" என்று கேட்டேன். "சும்மா ஜிவ்வுங்குதுடா. அதுக்குத்தான் செருப்பு வச்சிருக்கேன்ல" என்றாள். பையிலிருந்து, கரண்டு இருந்தால் விளக்கு எரியும் டெஸ்டரை எடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் வைத்தேன். எரிந்தது. சுவிட்சை அணைத்தேன், அப்போதும் எரிந்தது. பிளக்கைப் பிடுங்கினேன், அணைந்தது. எனக்கு விளங்கிவிட்டது. கரண்டு மூன்றாவது பின் வழியாக உள்ளே வருகிறது. காப்பாற்ற வேண்டிய பின்னே கொண்டுவந்து கொட்டுகிறது. வாசலுக்குப் போய்ப் பார்த்தால் குழி இருந்த இடத்தில் கார் நிற்கிறது.

சமையலறையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அந்த நீலச் செருப்பையே காலில் மாட்டிக்கொண்டு, அரைமணி நேரம் கத்தினேன். டைல்ஸை உடைத்துக் குழியைத் திறக்க வேண்டும், கசிகிற சாமான் எது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும், கசிந்தால் தானாக அணையும் சுவிட்ச் ஒன்று போட வேண்டும் என்றேன். அத்தான் பேப்பரை மடித்து வைத்தார். "மச்சான், உடைக்கிறது ஈஸி. அந்த ஷேடு இப்ப வர்றதில்ல, தெரியுமா? ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கும்" என்றார். ஷேடாம்! அக்காவோ, "இவ்ளோ நாள்ல யாருக்கு என்ன ஆச்சு? நீ எப்பவும் இப்படித்தான், சின்ன விஷயத்துக்கு ஊரக் கூட்டுவ. தோசை ஆறுது, சாப்பிடு" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தேன். "நீங்க ரெண்டு பேரும் டைல்ஸக் கட்டிக்கிட்டு அழுங்க, நான் இனி இங்க வரல" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் நின்றபோது மனசு கேட்கவில்லை. குடும்ப வாட்ஸப் குரூப்பில் எல்லாரும் கேட்கும்படி ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன்: அக்கா வீட்டு ஃப்ரிட்ஜை யாரும் செருப்பு இல்லாமல் தொடாதீர்கள். பதினெட்டுப் பேர் கேட்டார்கள். நாலு பேர் கட்டைவிரல் போட்டார்கள். என் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். கையில் டெஸ்டர் இருந்தது, அரைமணி நேரம் இருந்தது. கத்துவதற்குப் பதில் ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் பார்த்திருந்தால் கீசர் அன்றைக்கே மாட்டியிருக்கும். எனக்கு என் கோபம்தான் பெரிதாக இருந்தது.

ரெண்டு மாதம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்பு, காலையில் அக்காவிடமிருந்து போன் வந்தது. அவர்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க, தரை துடைக்க ஒரு அம்மா ஆறேழு வருடமாக வந்துகொண்டிருந்தார். பண்டிகைக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது, ஈரத் தரையில் நின்று, ஈரத் துணியால் ஃப்ரிட்ஜைத் துடைத்திருக்கிறார். அத்தான் அப்போதுதான் கீசரைப் போட்டிருக்கிறார். அரித்துக்கொண்டே இருந்த கம்பி அன்றைக்கு முழுசாகப் பிளந்துவிட்டது. கை ஃப்ரிட்ஜ் கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது, வாயிலிருந்து சத்தம்கூட வரவில்லை. என் அக்கா விஷயத்தில் ஒன்றை மட்டும் நான் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். அவள் ஓடிப்போய்த் தொடவில்லை. மெயினுக்கு ஓடி அதை இறக்கினாள். அதுவும் அவள் நடத்திய பாடம்தான். மெயின் இறங்கியதும் அந்தம்மா அப்படியே விழுந்து, மேடையின் விளிம்பில் தலை அடிபட்டது.

நான் போனபோது ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டிருந்தது. அத்தான் காரைத் தெருவுக்கு எடுத்துவிட்டு, பக்கத்து வீட்டில் கடப்பாறை வாங்கி, தானே டைல்ஸை உடைத்துக்கொண்டிருந்தார். எழுபது வயசு, வேர்த்து ஊற்றுகிறது, நிறுத்தச் சொன்னால் காதிலேயே விழவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் குழியைத் திறந்து, புதுக் குழாய் இறக்கி, கம்பியை இணைத்து முடித்தேன். கீசரைக் கழற்றி வாசலில் போட்டேன். முழுசாக ஒரு நாள் வேலைகூட இல்லை.

மூன்றாம் நாள் தாம்பரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். நெற்றியில் ஏழு தையல். வலது கையில் மூன்று விரலில் உணர்ச்சி இல்லை, வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாத்திரம் தேய்க்கிற கை. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். மூன்று நாளாக அவள் வீட்டுக்கே போகவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அக்கா மேல், அத்தான் மேல், ஏன் அந்தம்மா மேலேயும்தான். "இதுக்கு முன்னாடி உங்களுக்கு ஷாக் அடிச்சதே இல்லயாம்மா?" என்று கேட்டேன்.

"அடிக்கும் சார். டெய்லி காலைல அடிக்கும். கைல சுர்ருனு ஏறும்."

"அப்புறம் ஏம்மா வாயத் தொறந்து சொல்லல?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இன்னாத்த சார் சொல்றது? டீச்சரம்மா செருப்பு போட்டுகினு தானே தொடுறாங்க. அவங்களுக்குத் தெரியாததா?"

"நீங்களும் அதப் போட்டுக்க வேண்டியதுதானே?"

"அது அவங்க செருப்பு சார். என்னுத நான் கேட்டாண்ட வுட்டுட்டுத்தான் உள்ள வருவேன்."

அக்கா இன்னொரு ஆரஞ்சை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். நான் விடவில்லை, என் கோபம் அப்படி. "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே, நான்தான் கரண்டு வேலை பாக்குறவன்னு தெரியுமில்ல?" என்றேன்.

"தெரியும் சார். அன்னிக்கு நீங்க சேர்ல உக்காந்துகினு, தொட்டா உயிரு பூடும்னு அவங்கள திட்டிகினு இருந்தீங்களே, நான் அங்கதான் தரை துடைச்சிகினு இருந்தேன். நான் துடைக்கிறதுக்கு நீங்க செருப்புக் காலத் தூக்கி வழிகூட வுட்டீங்க."

அந்த வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன் என்றுதான் நான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.