பெரட்டில் கூப்பிட முடியாத பேர்

ஜீவராணிக்கு வாய் ஜாஸ்தி. அக்கரப்பத்தனைப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். "கொழுந்தே இல்லாத மலையில எதை ஐயா ஆயுறது?" என்று தோட்டத்துத் துரையையே கேட்டவள். அப்பேர்ப்பட்டவளைத்தான் இந்த வருஷம் கங்காணியாக்கினார்கள். அங்கே முதல் பெண் கங்காணி அவள்தான். காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வேலைக்கு அனுப்ப வேண்டும். முதல் வாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் வேலை நிரந்தரம் என்று மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஐயா சொல்லிவிட்டார்.

முதல் பெரட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம், ஹட்டனில் இங்கிலீஷ் டீச்சராக இருக்கும் மகள் பூரணி வந்திருந்தாள்.

"அம்மா, பெரட்டுங்கிறது இங்கிலீஷ் வார்த்தை. பரேட். வெள்ளைக்காரன் சிப்பாய்ங்களை நிறுத்துற மாதிரி நம்ம ஆளுங்களையும் வரிசையா நிறுத்தினான். பேரும் ஒட்டிக்கிச்சு. அதுக்கும் முந்தி, லத்தீன்ல, தயார் பண்றதுன்னு அர்த்தமாம்."

"நல்லா தயாரானேன் போ! உங்க அப்பா பேரை நான் எப்படிடி கூப்பிடுவேன்?"

அங்கேதான் சிக்கல். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் அவள் புருஷன் கந்தப்பனும் அதே பெரட்டில்தான் நிற்க வேண்டும். இந்தக் காலத்துப் பிள்ளைகள் புருஷனைப் பேர் சொல்லி அதட்டுகிறார்கள். இவளோ, கந்தப்பளைக்குப் பஸ் ஏறினால்கூட "அந்த மரக்கறி ஊரு" என்றுதான் டிக்கெட் கேட்பாள்! கூப்பிடாவிட்டால் அவருக்கு அன்றைய சம்பளம் போச்சு. இவளுக்குக் கங்காணி வேலையே போச்சு.

விடிந்தது. பனிக்குள் எல்லாரும் வரிசையில் நின்றார்கள்.

"அழகுமுத்து!"

"இருக்கேன்."

"மீனம்மா!"

"இருக்கேன்டி... ஐயோ, கங்காணி!"

அடுத்தது அவர். "பூரணி அப்பா!"

களமே கொல்லென்று சிரித்தது. பதிவேட்டைக் கையில் வைத்திருந்த கண்டாக்கு ஐயா சிரிக்கவில்லை. "அப்படி ஒரு ஆள் பதிவில இல்லையே அம்மா. பேரைச் சொல்லுங்க."

"சொல்லு மதினி, சொல்லு!" என்று பின்னாலிருந்து கேலி. பாவம், அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. வாய்க்காரி என்று பேரெடுத்து என்ன பிரயோசனம்! கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

"கந்தப்பன்!"

சிரிப்பு நின்றது. கல்யாணமான நாளிலிருந்து அவளை "ஏ புள்ள" என்றே கூப்பிட்ட மனுஷன், தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"வந்திருக்கேனுங்க, கங்காணி."

ஜீவராணிக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அந்தச் சந்தோஷத்தில் அடுத்த ஆள் பேர் சுத்தமாக மறந்துவிட்டது.