சந்தோஷமான நாட்டிலிருந்து வந்த ஆர்டர்

உலகத்திலேயே மிகச் சந்தோஷமான நாடுகளில் ஒன்றிலிருந்து முதலிபாளையத்தில் உள்ள எங்கள் பனியன் கம்பெனிக்கு ஒரு வெள்ளைக்கார அம்மா வந்தார். குழந்தைகள் டீசர்ட்டுக்கு ஆர்டர் கொடுப்பவர். தொழிலாளிகளிடமும் பேசிப் பார்ப்பார் என்று முன்பே தெரியும். அதனால் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரான நான் முந்தின நாளே எல்லாரையும் கூட்டிவைத்து, "சந்தோசமா இருக்கறீங்களான்னு கேட்டா, ரொம்ப சந்தோசமுங்கன்னு சொல்லோணும்" என்று பாடம் எடுத்தேன்.

எங்கள் பக்கம் இது லேசான காரியம் இல்லை. நன்றாக இருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும். மூன்று மாடி வீடு கட்டிக் குடிபோன எங்கள் முதலாளியே, யாராவது நலம் விசாரித்தால் இழவு வீட்டிலிருந்து வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு "என்னமோ ஓடுதுங்க" என்பார்.

அந்த அம்மா நேராகப் போய், துணியில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் கேட்டார். அக்காவுக்குப் பாடம் மறந்துவிட்டது. "என்னமோ போகுதுங்க" என்றார். ரொம்ப சந்தோஷமாம் என்று நான் இங்கிலீஷில் சொல்லிவைத்தேன்.

டீ குடிக்கும்போது, உங்கள் நாட்டில் மட்டும் எப்படி இவ்வளவு சந்தோஷம் என்று கேட்டேன். நாலு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவோம், ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளுக்கு மட்டும் என்றார். எனக்குப் பொறாமையாக இருந்தது. என் மகள் நாமக்கல் பக்கம் ஹாஸ்டலில் படிக்கிறாள், மாதத்தில் ஒரு ஞாயிறுதான் பார்க்க விடுவார்கள், வருகிற ஞாயிறு முறுக்கு வாங்கிக்கொண்டு போகிறேன் என்று சொன்னேன். அவசியம் போங்கள் என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஊர் போய்ச் சேர்ந்ததும் மெயில் போட்டார். அடுத்த வாரக் கடைசியில் போகவேண்டிய சரக்கு திங்கட்கிழமையே கிளம்பவேண்டுமாம். முதலாளி என் மேசைக்கே வந்தார்.

"ஏனுங்க, ஞாயித்துக்கிழமை கொஞ்சம் வர முடியுங்களா?"

இவ்வளவு மரியாதையாகக் கேட்பவரிடம் முடியாது என்று சொல்ல எங்கள் ஊரில் யாருக்கு வாய் வரும்? "ஆகட்டுங்க" என்றேன். முறுக்குப் பையோடு மனைவி தனியாகப் பஸ் ஏறினாள்.

ஞாயிறு மதியம் கடைசிப் பெட்டியையும் கட்டி முடித்து, சரக்கு தயார் என்று மெயில் அனுப்பினேன். உடனே பதில் வந்தது. தானாக வரும் பதில்தான்: குழந்தைகளோடு விடுமுறையில் இருக்கிறேன், திரும்பி வந்து பார்க்கிறேன். கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம் போல ஆத்திரம் வந்தது.

அப்போது மனைவியின் போன். ஹாஸ்டலிலிருந்து மகள்தான் பேசினாள்.

"ஏனுங்கப்பா வரலே? நல்லாத்தான இருக்கறீங்க?"

"ரொம்ப சந்தோசமா இருக்கறேன் கண்ணு" என்றேன். நான் எடுத்த பாடம் எனக்கு மறக்கவில்லை.