எங்கள் கிணற்றுக்கு விழுந்த சிவப்பு

எங்கள் கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர். இதை எழுதிச் சொல்லவேண்டிய நிலைக்கு வந்துவிட்டோம் என்பதே எனக்கு எரிச்சல்.

கனகராயன்குளத்திலிருந்து உள்ளே போனால் எங்கள் ஊர். கிணற்றுத் தண்ணீரைச் சோதித்து, யாரும் பார்க்கக்கூடிய இணைய வரைபடத்தில் முடிவைப் போடப்போகிறோம் என்று ஒரு திணைக்களத்தார் வந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர் கேட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா எங்களைத் தனியே கூப்பிட்டார்.

"உங்களுக்கு என்ன விசரே? நல்ல தண்ணியைக் குடுத்தா ஊருக்குத் தண்ணி வடிக்கிற பில்டர் தருவாங்களோ? பள்ளிக்கூடத்துக்குப் பின்னால பாழ்கிணறு கிடக்கு. அதில அள்ளிக் குடுப்பம்."

போர் முடிந்து மீளக்குடியேறிய நாளிலிருந்து நாங்கள் பழகிய வித்தை இது. பதிய வருகிறவனுக்கு நல்ல கூரைத் தகரத்தைக் காட்டினால் வீட்டுத்திட்டம் கிடைக்காது. இருப்பதை ஒளித்து, இல்லாததைக் காட்டத்தான் எங்களுக்குத் தெரியும். நானும் சிரித்துக்கொண்டு தலையாட்டினேன். எல்லா வீட்டின் பெயரிலும் அந்த உவர்த் தண்ணீரே போனது. வந்தவர்களும் படலை தாண்டவில்லை. றோட்டோர மரநிழலில் நின்று, எங்கள் கிணற்றுத் தண்ணீரில் போட்ட தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே வீடுகளைப் போனில் குறித்தார்கள். கிணற்றை எட்டியும் பார்க்காத சோதனை என்ன சோதனை?

பில்டர் வரவில்லை. வரைபடம் வந்தது.

இடம்பெயர்ந்து போன தம்பி இன்னும் நெளுக்குளத்தில் வாடகை வீட்டில் இருக்கிறான். என் வளவுக்குப் பக்கத்து வளவு அவனுடையது. அங்கே வீடு கட்டி வந்துவிடப்போகிறான் என்று அத்திவாரத்துக்கு நாளும் பார்த்து வைத்திருந்தோம். ஒருநாள் போன் எடுத்தான்.

"அண்ணை, வரைபடத்தில எங்கட ஊர் முழுக்கச் சிவப்பாக் கிடக்கு, குடிக்கக்கூடாத தண்ணியாம். உங்கட கிணறும்."

"அது பாழ்கிணத்துத் தண்ணியடா. பில்டருக்காகச் சுத்தினது."

"அப்ப பொய்யே?"

"ஓம்."

"நீங்கள் சொல்லுறியள். மனிசி நம்புறாள் இல்லை. கிட்னி வருத்தம் வந்திடும் எண்டு பயப்பிடுறாள். சின்னப் பிள்ளையள், அண்ணை."

திணைக்களத்துக்குப் போய் உண்மையைச் சொன்னேன். கதிரையில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொய்த் தண்ணி தந்தது நீங்கள். இனி அடுத்தமுறை எடுக்கேக்க பாப்பம்."

அடுத்தமுறை எப்போது என்று அவருக்கே தெரியாது. ஆனால் அவர் சொன்னதில் பிழையில்லை. அதுதான் எனக்கு இன்னும் கொதிக்கிறது.

போன மாதம் தம்பி குடும்பத்தோடு வந்தான். வளவை வாங்க வந்தவருக்கு எல்லையைக் காட்டத்தான். அவன் மனைவி வேலியடியில் கதைத்துக்கொண்டு நின்றா. அவன் எங்கள் கிணற்றடிக்கு வந்து, ஒரு வாளி அள்ளி, செம்பில் வார்த்து மடமடவென்று குடித்தான்.

"இப்பிடித் தண்ணி அங்க இல்லை, அண்ணை."

அவனுடைய சின்னவள் ஓடிவந்து செம்புக்குக் கை நீட்டினாள். மிச்சத்தை வாழையடியில் ஊற்றிவிட்டான்.