டைனமோவும் பாப்பாவின் சோறும்

பாப்பாவுக்கு இரண்டரை வயது. டிராக்டர் சீட்டில் உட்காரவைத்து, முன் லைட்டைப் போட்டால்தான் வாயைத் திறப்பாள். தினமும் சாயங்காலம் எங்கள் பழைய டிராக்டர்மேல்தான் சோறு ஊட்டுவேன்.

அன்று காலை அது ஸ்டார்ட் ஆகவில்லை. 'டக்' என்ற சத்தத்தோடு சரி. முந்தின நாள் பிடுங்கிய மரவள்ளிக்கிழங்கு காட்டில் குவிந்து கிடந்தது. தாமதித்தால் உள்ளே கறுத்துவிடும், ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லில் எடுக்க மாட்டார்கள். நேற்று லைட்டை அணைத்தேனா? அணைத்த மாதிரியும் இருந்தது, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அப்படியே இறங்கிவிட்ட மாதிரியும் இருந்தது. கணவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

அவர் பக்கத்துத் தோட்டத்துப் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து எஞ்சினை ஓடவிட்டு, ஒயரைக் கழற்றினார்.

"டைனமோ சார்ஜ் ஏத்துதான்னு பாக்கோணும். மீட்டரைப் புடி அம்மிணி, நீதான் படிச்சவ."

பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் எங்கள் வீட்டில் எப்போதும் டைனமோதான். மீட்டர் பதினாலு வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டினால் அது நன்றாக இருக்கிறது, லைட்டை எரியவிட்டு பேட்டரியைத் தீர்த்த தப்பு என்னுடையது. கெட்டுப்போயிருக்கட்டும் என்று மனசு வேண்டிக்கொண்டது. கிழங்கு காயும்போது இப்படி வேண்டுகிற மருமகள் நான் ஒருத்திதான் இருப்பேன்.

"பதினொன்னு புள்ளி எட்டுங்க."

"ரேஸ் பண்றேன். இப்ப?"

"அதேதானுங்க."

எஞ்சினை நிறுத்தி, டைனமோவின் பின்பக்கத்தைப் பிரித்தார். உள்ளே இரண்டு கார்பன் துண்டுகளில் ஒன்று நகக்கண் அளவுக்குத் தேய்ந்திருந்தது.

"உன்ற மக பல்லு இதைவிடப் பெருசு."

ராசிபுரம் போய்ப் புதுக் கார்பன் வாங்கி வந்து மாட்டினார். மறுபடி ஓடவிட்டபோது மீட்டர் பதிமூன்று புள்ளி எட்டு காட்டியது. நான் தப்பித்துவிட்டேன். ஆனாலும் நிம்மதி வரவில்லை.

"ஏனுங்க, நேத்து லைட்டை அணைச்சனான்னு எனக்கே தெரியலீங்க."

"அணைக்கல. காலைல நான் வரும்போது மினுக்குனு எரிஞ்சுட்டிருந்துது."

"அப்பவே கேட்டிருக்கலாமில்லீங்க?"

"எதைக் கேக்கறது? ஒரு வாரமா சார்ஜ் காட்டற ஆம்பியர் முள்ளு ஏறவே இல்ல. பாத்தும் பாக்காத மாதிரி ஓட்டுனவன் நானு. உன்னைக் கேட்டா நீ திருப்பிக் கேப்பியே!"

மதியத்துக்குள் கிழங்கு மில்லுக்குப் போய்விட்டது.

சாயங்காலம் பாப்பா சீட்டில் உட்கார்ந்து வாயைத் திறந்தாள். ஊட்டி முடித்து லைட்டை அணைத்தேன். வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய்ப் பார்த்தேன். மூன்றாவது தடவை கிளம்பும்போது உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது.

"அணைஞ்சுதான் இருக்குது சாமி, வா."