சேராங்கொட்டைத் தழும்பு

போன வாரம் பேரனுடைய சட்டை இஸ்திரிக் கடையிலிருந்து வந்தது. வானகரத்தில் அவன் குடியிருக்கிற அடுக்குமாடிக்குக் கீழேயே கடை. காலரில் ஒரு காகிதத் துண்டைப் பின் அடித்து வைத்திருந்தார்கள். அதில் ஏதோ எண். லேசாக இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இது ஒரு குறியா? நாங்கள் வைத்த குறி, வேட்டி கிழிந்து அடுப்படித் துணியான பிறகும் போகாது.

சேராங்கொட்டை பார்த்திருக்கிறீர்களா? நாட்டு மருந்துக் கடையில் இருக்கும். கறுப்பாக, புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிசாக. ஊசியால் குத்தினால் தார் மாதிரி ஒரு பால் கசியும். துணி மூலையில் அதைத் தொட்டு வைத்து மேலே சுண்ணாம்பு தடவிவிட்டால் ஆயுசுக்கும் அழியாது. தோலில் பட்டால் கொப்புளம்தான். என் விரல் நுனியெல்லாம் அந்த நாளில் சுட்ட கத்தரிக்காய்த் தோல் மாதிரி இருக்கும். மூன்று புள்ளி என்றால் ஆவடி கோட்டர்ஸில் மாமரத்து வீடு. ஒரு கோடு, பக்கத்தில் ஒரு புள்ளி என்றால் மீசைக்காரர் வீடு. அவர் பெண்டாட்டி ஒரு தலையணை உறைக்காக என்னோடு ஒரு மாதம் சண்டை போட்டாள். உறை அவள் மெத்தைக்கு அடியிலேயே இருந்தது. கிடைத்ததும் சண்டையை நிறுத்தினாளா? இல்லையே, எப்படி நீ அங்கே வைத்தாய் என்று புதுசாக ஆரம்பித்தாள். நல்ல பொம்பளை, போய்ச் சேர்ந்துவிட்டாள்.

எண்பதுகளில் ஏரிக்கரையில் நாங்கள் பதினோரு குடும்பம். எல்லாரும் ஸ்ரீகாகுளத்துப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், துணி வெளுக்கிறவர்கள். எங்கள் தெலுங்கைக் கேலி செய்து ஊர்க்காரர்கள் எங்கள் வரிசைக்கு வைத்த பேர் கொல்ட்டி லைன். குழாயடியில் எங்கள் குடம் எப்போதும் கடைசி. நாங்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? அவர்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தெலுங்கில் திட்டுவோம். அவர்களும் பதிலுக்குச் சிரிப்பார்கள். அதில் ஒரு சுகம் இருந்தது, சொன்னால் பாவம்.

எங்களுக்கு எதுவும் பயம் கிடையாது, புதன்கிழமையைத் தவிர. புதன்கிழமைதான் நர்ஸம்மா ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பிள்ளைகளுக்கு ஊசி போட வருவாள். எங்கள் ஊரில் முன்பு ஒரு சமயம் ஆண்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் ஆபரேஷன் செய்து அனுப்பினார்கள். என் மாமனாரின் தம்பி அப்படிப் போனவர், பிறகு பிள்ளையே இல்லை. அதிலிருந்து சர்க்கார் ஊசி என்றால் வம்சத்தை அறுக்கிற ஊசி என்று எங்கள் மனசில் பதிந்துபோனது. அதுவும் இது நம் ஊர் இல்லை, நம் பாஷை இல்லை. பிழைக்க வந்தவர்கள் பெருகக் கூடாது என்றுதான் போடுகிறார்கள் என்று நானே நாலு பேருக்கு விளக்கிச் சொல்லியிருக்கிறேன். எனக்கு எப்போதும் வாய் ஜாஸ்தி.

ஆகவே புதன்கிழமை காலையில் பிள்ளைகளை அழுக்கு மூட்டைக்குள் வைத்துக் கட்டிக் கழுதைமேல் ஏற்றிவிடுவோம். ஒரு தடவை நர்ஸம்மா எதிரே வரும்போது ஒரு மூட்டை வீரிட்டு அழுதது. "துணி அழறத இன்னிக்குதாம்மா பாக்கறேன்" என்றாள். அவளுக்கும் சிரிப்புதான். ஆனால் மூட்டையை அவிழ்க்கச் சொல்லிவிட்டாள்.

நாங்கள் பிரசவத்துக்கு ஊருக்குப் போய்விட்டு வருகிறவர்கள். அங்கேயே ஊசி போட்டாயிற்று என்று சாதித்தோம். போட்டிருந்தால் இடது தோளில் வட்டமாகத் தழும்பு இருக்கும், காட்டு என்றாள். கோட்டர்ஸ் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டுக் காட்டவும் செய்தாள். மிளகு அளவுக்கு ஒரு குழி.

அதைப் பார்த்ததும் எனக்குள் விளக்கு எரிந்தது. ஓஹோ, இவளும் குறி பார்த்துத்தான் வேலை செய்கிறாள். குறி வைக்க எனக்குத் தெரியாதா?

அன்றைக்கே என் பெண்ணில் ஆரம்பித்தேன். ஊசி முனையில் தொட்டு ஒரே ஒரு பொட்டு. மூன்றாம் நாள் கொப்புளம், பிறகு புண், பிறகு பொருக்கு, ஒரு மாதத்தில் அச்சு அசலாகத் தழும்பு. பிள்ளை எரிச்சலில் மூன்று ராத்திரி தூங்கவில்லை. ஒரு ஊசிக் குத்துக்குப் பயந்து பிள்ளையைச் சுட்டேன் என்று அப்போது தோன்றவே இல்லை. லைன் முழுக்க எனக்கு ராணி மரியாதை. வரிசையாகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

வராதவள் ஒருத்திதான். என் ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி, சீத்தம்மா. மெலிந்த பெண், பேச்சு குறைவு. அவளுக்கு பங்காரி என்று இரண்டு வயசுப் பெண். கோட்டர்ஸ் அம்மா ஒருத்தி என்ன சொல்லிக் கொடுத்தாளோ, என் பிள்ளைக்கு நிஜ ஊசியே போட்டுக்கொள்கிறேன் என்றாள். ஒருத்தி போனால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்று லைனில் பேச்சு கிளம்பியது. அவளிடம் பேசிப் பார்த்தோம். திட்டிப் பார்த்தோம். பிறகு இஸ்திரிக் கொட்டகையில் இரண்டு பெண்கள் அவள் கையைப் பின்னால் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள். நான் பங்காரியை மடியில் போட்டுக் குறி வைத்தேன். பிள்ளை துள்ளியதில் முதல் பொட்டு இழுபட்டுவிட்டது. பக்கத்தில் இன்னொன்று வைத்தேன்.

சீத்தம்மா கத்தவில்லை. "அதுக்கு எரியுது அக்கா" என்று மட்டும் சொன்னாள்.

புண் ஆறிய பிறகு ஒரு புதன்கிழமை அவள் யாருக்கும் சொல்லாமல் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நர்ஸம்மா முன்னால் போய் நின்றுவிட்டாள். நாங்கள் ஓடினோம். நர்ஸம்மா தோளைப் பார்த்துவிட்டு, இது ஒன்றுக்கு இரண்டாக இருக்கிறதே, கெட்டிப் பிள்ளை என்று கன்னத்தைத் தட்டினாள்.

"அது ஊசி இல்லம்மா. சேராங்கொட்டை. இவங்க வெச்சது" என்றாள் சீத்தம்மா.

நர்ஸம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. "அதுக்குக் கொஞ்சம் புத்தி சரியில்லம்மா. மொதப் புள்ள தவறினதுலேர்ந்து இப்பிடித்தான் பேசிக்கினு கீது" என்றேன். முதல் பிள்ளை தவறியது உண்மை, அதனால் வாயில் சரளமாக வந்தது. பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நர்ஸம்மா சீத்தம்மாவின் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போனாள். அன்றைக்குக் கல்லில் துணி அடிக்கும்போது அந்தக் கதையை எத்தனை தடவை நடித்துக் காட்டினேன் தெரியுமா? சீத்தம்மாவின் நடையைக்கூட நடித்தேன். நன்றாக வந்தது, சிரித்துச் சிரித்து எல்லாருக்கும் கண்ணில் தண்ணீர்.

சீத்தம்மா வீட்டுத் திண்ணையில் என் மாமனார் படுத்து இருமிக்கொண்டே இருப்பார். பீடி இருமல் என்று நினைத்திருந்தோம். மழைக்காலத்தில் பங்காரிக்குக் காய்ச்சல் வந்தது. வாந்தி, பிறகு கழுத்து விறைத்துக்கொண்டது. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நானும் துணைக்குப் போனேன். டிபி கிருமி மூளைக்கு ஏறிவிட்டது என்றார் டாக்டர். வீட்டில் யார் இருமுகிறார்கள் என்று கேட்டார். பிறகு தோளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "டிபிக்கு ஊசி போட்டிருக்கே, அப்பறம் எப்படி" என்றார். சீத்தம்மா என்னைப் பார்த்தாள். டாக்டரிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு தடவை சொன்னதுக்கு என்ன கிடைத்தது என்று அவளுக்குத் தெரியும்.

பதினெட்டு நாள் இருந்தது பிள்ளை.

காரியம் முடிந்த மறு வாரம் என் பெண் இரும ஆரம்பித்தாள். அதே கிழவர் மடியில் விளையாடின பிள்ளை. புதன்கிழமை எப்போது வரும் என்று நான் காத்திருந்தது அந்த ஒரு தடவைதான். பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரையிலேயே நர்ஸம்மாவை மறித்தேன். அவள் தோளைப் பார்த்தாள், தழும்பு இருக்கிறதே என்றாள். அது நான் வைத்தது, சேராங்கொட்டை என்றேன். நர்ஸம்மாவுக்கு அலுப்பாகப் போய்விட்டது.

"இன்னாம்மா உங்க லைன்ல எல்லாருக்குமே புத்தி சரியில்லையா? அன்னிக்கி அந்தப் பொண்ணு, இன்னிக்கி நீ."

சத்தியம் செய்தேன். நம்பவில்லை. பெட்டியை மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டாள். பத்தடி தள்ளி முழங்கால் தண்ணீரில் சீத்தம்மா துணி அடித்துக்கொண்டிருந்தாள். நர்ஸம்மா போகிற போக்கில், "ஏம்மா, இது சொல்றது நெசமா" என்று கேட்டாள்.

சீத்தம்மா கையிலிருந்த போர்வையை அடித்து முடித்தாள். பிழிந்தாள். உதறித் தோளில் போட்டாள். எனக்குச் சாமி, பூதம் எதுவும் ஞாபகத்தில் இல்லை. அவள் முதுகுதான் தெரிந்தது. நான் சொன்ன அதே வார்த்தையை அவள் திருப்பிச் சொன்னால் போதும், நர்ஸம்மா போய்விடுவாள்.

கரைக்கு ஏறி வந்தாள். "நெசம்தாம்மா. போடுங்க" என்றாள். பிறகு என் இடுப்பிலிருந்து பிள்ளையை வாங்கினாள். "நீ தள்ளி நில்லு அக்கா. நான் புடிச்சிக்கிறேன்."

பிடித்தாள். பிள்ளையின் இரண்டு கையையும் பின்னால் சேர்த்து, கொட்டகையில் அவளைப் பிடித்த மாதிரியே. என் பெண் அம்மா, அம்மா என்று என்னைப் பார்த்து அலறினாள். நான் ஓரடி வைத்தேன். சீத்தம்மா பார்த்த பார்வையில் காலை எடுத்துக்கொண்டேன். ஊசி போட்டு முடிந்தும் அவள் உடனே விடவில்லை. நர்ஸம்மா பஞ்சைக் கீழே போட்டு, பெட்டியை மூடி, விடும்மா என்று சொன்ன பிறகுதான் விட்டாள். பிள்ளையை என்னிடம் கொடுக்கவில்லை, தரையில் இறக்கிவிட்டுத் தண்ணீருக்குள் போய்விட்டாள். அன்று மாலைக்குள் லைனில் மற்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊசி போட்டாயிற்று.

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் அவள் கல்லும் என் கல்லும் பக்கத்தில் பக்கத்தில்தான். ஒரு வார்த்தை கிடையாது. நான் பேசிக்கொண்டே இருப்பேன், சும்மா இருக்க எனக்கு வராது. அவள் அடிக்கிற சத்தம்தான் பதில்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஏரிக்கு வேலி போட்டார்கள். கல்லையெல்லாம் பெயர்த்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கோட்டர்ஸில் வீட்டுக்கு வீடு மிஷின் வந்துவிட்டது. லைன் கலைந்து ஆளுக்கொரு பக்கம் போனோம். சீத்தம்மாவும் கொழுந்தனும் ஊருக்குக் கிளம்பிய அன்று அவள் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டாள். என் வாசலைத் தாண்டி அடுத்த வாசலுக்குப் போனாள். நான் காபியை ஆற்றிக்கொண்டு உள்ளே நின்றிருந்தேன்.

என் பெண்ணுக்கு இப்போது நாற்பதுக்கு மேல். நன்றாக இருக்கிறாள். அன்றைக்கு வந்தது வெறும் சளி இருமல்தான், ஒரு வாரத்தில் போய்விட்டது. கையில்லாத ரவிக்கை போட்டால் இரண்டு தழும்பும் தெரியும். யாராவது கேட்டால், சின்ன வயசில் எனக்கு ரெண்டு தடவை ஊசி போட்டாங்க என்று பெருமையாகச் சொல்வாள். அது அப்படியில்லை என்று தெரிந்தவர்கள் ஒவ்வொருத்தராகப் போய்விட்டார்கள். சீத்தம்மா இருக்கிறாளா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது. நானும் பெண் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, ஆமாம், ரெண்டு தடவை என்கிறேன்.