செவலையின் பின்னங்கால்

தங்கப்பொண்ணு திருவாதவூரில் மாடு கன்றுகளோடு வளர்ந்தவள். ஆனாலும் கல்யாணமாகி மதுரை செல்லூருக்கு வந்த நாளிலிருந்து, புருஷன் மருதுவின் வண்டிக் குதிரையைக் கண்டால் அவளுக்குக் குலை நடுங்கும். செவலை என்ற அந்தப் பெண்குதிரை பின்னங்காலை யாரிடமும் லேசில் கொடுக்காது. புல்லுக்கட்டை எட்ட நின்றே தள்ளிவிட்டு ஓடி வந்துவிடுவாள்.

எழுபத்தாறாம் வருஷ ஐப்பசியில் மழை விடாமல் ஊற்றியது. கொட்டகை ஒழுகி, செவலை சகதியிலேயே நின்றது. ஒருநாள் காலையில் சாணி அள்ளப் போனவளுக்கு அழுகல் வாடை அடித்தது. குதிரை வலது பின்னங்காலை முழுசாக ஊன்றாமல் நுனியில் நின்றது.

"மாமா, அதுக்குக் கால்ல என்னமோ ஆயிருச்சு. இன்னைக்கு வண்டி பூட்டாதீக."

"தீவாளி நேரம் புள்ள. ஸ்டேஷன்ல ஆளுக அம்புட்டுப் பேரு வந்து எறங்குறாக. அது சேத்து வாடை."

"நாத்து நட்டவளுக்குச் சேத்து வாடை தெரியாதாக்கும்?"

மருது போய் லாடம் கட்டும் சோணையைக் கூட்டிவந்தான். சோணை லாடத்தைக் கழற்றிக் குளம்பின் அடியைச் சுரண்டியதும், நடுவில் மெத்தென்று இருக்கவேண்டிய இடம் கறுத்துக் கசிந்தது.

"நல்லவேளை, உள்ள ஏறலை" என்றார் சோணை. "இனி ஈரத்துல நிக்கவே கூடாது. தெனமும் குளம்பை நோண்டிக் கழுவி, ஈரம்போகத் தொடச்சு, மயில்துத்தம் கரைச்ச தண்ணியை விடணும். நான் சொல்ற வரைக்கும் வண்டி கெடையாது."

மருது கீழமாசி வீதி மண்டிக்கு மூட்டை தூக்கப் போனான். செவலை தங்கப்பொண்ணு பொறுப்பானது. கூரைமேல் தார்ப்பாய் போட்டாள். தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டினாள். மர அறுப்பு மில்லில் தூள் வாங்கி வந்து தரையில் பரப்பினாள். குளம்பைத் தொடுவதுதான் பெரும்பாடாக இருந்தது. சோணை காட்டிக்கொடுத்தபடி குதிரையின் விலாவை ஒட்டி நின்று, தொடையிலிருந்து கீழே தடவினாள். பயத்தை மறைக்க வாய்க்கு வந்ததைப் பேசினாள்.

"ஒன் எசமானுக்கு வாயே கெடையாதுடி. சோறு நல்லாருக்குன்னு ஒரு சொல்லு வராது. கொறட்டை மட்டும் தெருவுக்கே கேக்கும். பொங்கலுக்கு ஆத்தாளைப் பாத்தது. கூட்டிட்டுப் போறேன்னாரு, இன்னும் போய்க்கிட்டுத்தான் இருக்காரு."

செவலையின் காதுகள் அவள் பக்கம் திரும்பின. கனத்த கால் மெல்ல அவள் மடிக்கு வந்தது.

பிறகு தினமும் அப்படித்தான். குளம்பு சுத்தமாகிற வரைக்கும் மருதுவைப் பற்றிய புகார் ஓடும். ஒரு சாயங்காலம் சீக்கிரமே திரும்பிய மருது கொட்டகைக்கு வெளியே நின்று அத்தனையும் கேட்டான். சிரிப்பு வெடித்துவிடாமல் துண்டைக் கடித்துக்கொண்டான்.

மறுநாள் சாப்பிடும்போது, "குழம்பு நல்லாருக்கு" என்றான். தங்கப்பொண்ணு கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"ஆத்தாளைப் பாத்துட்டு வாரியா? மேலூர் பஸ்ஸுல ஏத்தி விடுறேன்."

"ஒட்டுக் கேட்டீகளா?" அவளுக்கு முகமெல்லாம் சூடேறியது. "நான் போயிட்டா அதுக்கு யாரு குளம்பு பாக்குறது?"

"நான் பாக்க மாட்டேனா? நீ போயிட்டு வா."

ஆத்தாளோடு இருந்துவிட்டுத் திரும்பியவள் வீட்டுக்குள் நுழையாமல் நேரே கொட்டகைக்குப் போனாள். செவலையின் காலைத் தூக்கி முகர்ந்து பார்த்தாள். வாடையே இல்லை. அடிப்பாகம் காய்ந்து கெட்டியாகியிருந்தது.

"மொதல்ல காலையே தரல" என்றான் மருது. "ஒன்னையப் பத்தி நாலு கொறை சொன்னேன். ஒடனே தூக்கிருச்சு."

"என்ன சொன்னீக?"

"அதை அதுகிட்டயே கேளு."

கார்த்திகை பிறந்ததும் சோணை குளம்பைச் சீவிப் புது லாடம் அடித்தார். அன்று மருது ஸ்டேஷனுக்குப் போகவில்லை. தங்கப்பொண்ணுவை முன்னால் தன் பக்கத்தில் ஏற்றிக்கொண்டான். மாசி வீதி நான்கையும் சுற்றிக் காட்டுவதாகத் திட்டம். வைகைப் பாலம் தாண்டியதுமே அவள் அவன் கையைப் பிடித்தாள்.

"போதும் மாமா, திருப்புங்க. மொத நாளே அதை வதைக்க வேணாம்."

மருது வண்டியைத் திருப்பினான்.